டைமாபீஸ் வளர்த்த நாலு வயதுப் பூனை

எங்கள் ஊரில் எமனுக்கே வயதைக் குறைத்துச் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் டைமாபீஸ். நிஜப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த அட்டைக்கான படிவத்தையும் அவரே நிரப்பியிருப்பதால், அதை நம்பி உங்களுக்கு நான் எதுவும் சொல்ல முடியாது.

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளை லைன் என்போம். எங்கள் லைனில் கடைசி வீடு அவருடையது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு டைம் ஆபீஸில் வேலை. யார் எந்த ஷிப்டில் இறங்கினான், எப்போது ஏறினான், யாருக்கு என்ன வயது, எல்லாம் அவர் ரிஜிஸ்டரில் இருக்கும். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரிஜிஸ்டரை மட்டும் அவர் மூடவே இல்லை. இப்போது அவர் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அதில் பதிவாக வேண்டும்.

"இன்னாப்பா, எத்தினி மணிக்கு உள்ள வந்த?"

"இப்பதாண்ணா."

"இப்பன்னு ஒரு டைம் கிடையாது. ஒம்பது பத்து. கையெழுத்து போடு."

தயிருக்கு உறை கேட்டு வந்தவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உறையை வாங்க வேண்டும். ஒரு தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கும்பிட்ட கையோடு உள்ளே போனார். கும்பிட்ட கையைப் பிரித்து அதில் பேனாவைச் செருகினார் டைமாபீஸ். வேட்பாளர் வெளியே போகும்போது, "லேட்டா வந்தீங்க, சீக்கிரமா போறீங்க. அரை நாள்தான் போடுவேன்" என்றார்.

இதெல்லாம் சும்மா. அவருடைய உண்மையான மகிமை வயது விஷயத்தில்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் இரண்டு வயது. பெற்றவள் சொல்வது வீட்டு வயது. ரிஜிஸ்டரில் இருப்பது புக்கு வயது. புக்கு வயது ரிட்டையர் வயதைத் தொட்டால் வேலை போய்விடும். அதனால், வேலைக்குச் சேரப்போகும் பையனின் அப்பா டைம் ஆபீஸ் ஜன்னல் முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். டைமாபீஸ் பையனை மேலும் கீழும் பார்ப்பார். "ரெண்டு குறைச்சிக்கிறேன்" என்பார். அவ்வளவுதான், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷச் சோறு கூடிவிட்டது. இப்படி எங்கள் ஊருக்கு அவர் தானம் செய்த வருஷங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சோழர் காலத்துக்கே போய்விடலாம். வயதைக் குறைத்து எழுதினால் ஆயுசு கூடும் என்பது அவருக்கு நம்பிக்கை அல்ல, கண்ணால் பார்த்த விஷயம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் என்னைச் சேர்க்கத் துணைக்கு அவரைக் கூட்டிப்போனார். தலைமையாசிரியர் என் பிறந்த தேதியைக் கேட்டார். டைமாபீஸ் பழக்கதோஷத்தில் ஒரு தேதி சொன்னார். விளைவு, சான்றிதழ்ப்படி நான் என் தங்கையைவிட நாலே மாதம் மூத்தவன். இது எப்படிச் சாத்தியம் என்று எந்த அலுவலகத்துக்கும் இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. ஒருமுறை சண்டைக்கே போனேன். "இப்ப திட்டுவ. ரிட்டையர் ஆவறப்ப என்ன நெனச்சிக்குவ" என்றார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் ஐந்தாவது படித்தபோதும் ஐம்பத்தெட்டுதான். என் அப்பா அவரை அண்ணா என்பார், நான் அண்ணா என்பேன், என் அக்கா மகன் மூன்று வயதுப் பொடியன், அவனும் அண்ணா என்றே கூப்பிட வேண்டும். தாத்தா என்று கூப்பிட்டவனுக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது.

இனிப் பூனைக்கு வருகிறேன். அதன் பெயர் துரை. கறுப்பும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறம், இடது காதின் நுனி மட்டும் கத்தரித்த மாதிரி இருக்கும். வெள்ளைக்கார துரைமார் இருந்த பங்களாவில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பூனை ஒன்று இருந்ததாம். அதன் நேர் வாரிசாம் இது. "சுத்தமான பர்மா ஜாதி" என்பார் டைமாபீஸ், ஏதோ சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி. பல வருஷத்துக்கு முன்பே புத்தரைக் கும்பிட்டு ஜாதியைத் தலைமுழுகிய லைன் எங்களுடையது. அங்கே ஜாதி பார்த்து வளர்க்கப்பட்ட ஒரே ஜீவன் அந்தப் பூனைதான்.

பக்கத்து வீட்டு ரோஸி அக்காவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"பர்மாவா? ராபர்ட்சன்பேட்டை மட்டன் கடைக்குப் பின்னால சாக்குல கத்திக்கினு இருந்துச்சு. நான்தான் பாவம்னு தூக்கியாந்து உங்கையில குடுத்தேன். என் முந்தானைலகூட மூத்திரம் போச்சு. கப்பல்ல வந்துச்சாம் கப்பல்ல."

"அது வேற பூன, ரோஸி. உனக்கு வயசாயிடுச்சி, ஞாபகம் இல்ல."

"எனக்கா வயசாச்சு? எனக்கு வயசு எழுதனதே நீதான?"

துரைக்கும் ரிஜிஸ்டரில் தனிப் பக்கம். வெளியே 5.40, உள்ளே 6.15, எலி ஒன்று. எலி இரண்டானால் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு டீயில் நனைத்த பன். எலியே பிடிக்காத நாளில் மனசு கேட்காமல் அதே பன். இப்படியே சாப்பிட்டுச் சாப்பிட்டு, துரை நடந்து வந்தால் வயிறு ஒரு பக்கமும் பூனை ஒரு பக்கமுமாக வரும்.

நாலு வருஷம் முன்பு ஒரு வாரம் துரையைக் காணவில்லை. எட்டாம் நாள் டைமாபீஸ் வீட்டு ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதே நிறம், அதே முகம், அதே காது.

"துரை வந்துட்டானாண்ணா?" என்று கேட்டேன்.

"துரைக்கு சர்வீஸ் முடிஞ்சிச்சிப்பா. இவன் அவன் பையன். அப்பன் வேலைய பிள்ளைக்குக் குடுத்துட்டேன். பேரும் துரைதான்."

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் சிரித்திருப்பார். எங்கள் லைனில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா ஓய்வு பெற்றால் அந்த வேலைக்குப் பிள்ளை சேர்வது எங்கள் ஊர் வழக்கம்; தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே சுரங்க ஷாஃப்டில் இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ. பூனைக்கு மட்டும் என்ன, பாவம், அதுவும் வேலை செய்கிறதுதானே என்று என் அம்மாகூடச் சொன்னாள். காது எப்படி அதே மாதிரி என்று நான் டைமாபீஸிடம் கேட்டதற்கு, "சில அடையாளம் ரத்தத்துல வரும்பா" என்றார். நான் விலங்கியலில் பி.எஸ்ஸி. அதையும் நம்பினேன் என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வருஷம் கோடையில்தான் அந்த வினோதம் ஆரம்பித்தது. துரை தண்ணீர் குடிக்கத் தொடங்கினான். சாதாரணமாக அல்ல. கிண்ணம் காலி, அடுத்த கிண்ணம் காலி, ரோஸி அக்கா வாளி காலி. வாரத்துக்கு ஒருமுறை டேங்கர் வரும் ஊரில் ஒரு பூனை இப்படிக் குடித்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். குடித்ததை எல்லாம் ரோஸி அக்காவின் ரோஜாத் தொட்டிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ரோஜாக்கள் ஒவ்வொன்றாய்க் கருகின.

"ஆழத்துல எறங்கி எலி புடிக்கிறான், வேர்க்குது, குடிக்கிறான்" என்றார் டைமாபீஸ்.

ஆனால் ரிஜிஸ்டர் வேறு சொன்னது. எலிக் கணக்கு மூன்று வாரமாகப் பூஜ்யம். பன் தின்றும் வயிறு வற்றிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்து நின்றார். யார் வீட்டுக்கும் போகாத மனிதர், கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு.

"நீ படிச்சவன். போன்ல பாத்து சொல்லு. இன்னா ஆச்சு அவனுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. என் படிப்பை ஒருவர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தேடினேன், கிடைத்தது. பூனைக்கும் நம்மைப் போலவே சர்க்கரை வியாதி வருமாம். தாகம், அடிக்கடி மூத்திரம், தின்றும் இளைப்பது, மூன்றும் அச்சாக அப்படியே. நான் சத்தமாக மொழிபெயர்த்துக்கொண்டே போனேன்.

"எல்லாப் பூனைக்கும் சமமா வராதாம்ணா. சில ஜாதிக்கு அதிகமாம். முக்கியமா பர்மா ஜாதிக்கு."

அவர் முகத்தில் கவலை போய்ப் பெருமை வந்தது. "பாத்தியா? சுகர் ஆபீசர் வியாதிப்பா. பெரிய குடும்பத்துக்குத்தான் வரும். ரோஸியக் கூப்புடு, அவளும் கேக்கட்டும்."

"இருங்கண்ணா. வயசும் முக்கியமாம். நடுவயசு தாண்டின பூனைக்குத்தான் பெரும்பாலும் வருமாம். துரைக்கு என்ன வயசு?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நாலு."

"நாலுதானே? அப்ப இது சுகரா இருக்காதுண்ணா. பயப்படாதீங்க. வெயில்தான்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். விலங்கியல் படித்த நான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் போகும்போது செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே கொண்டுபோனார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

பத்து நாள் போயிற்று. அன்று புதன்கிழமை, எனக்கு விடுமுறை. காலையில் ரோஸி அக்கா கதவைத் தட்டினாள். "எய்யா, அந்தப் பூன நடக்கறத வந்து பாரு." போய்ப் பார்த்தேன். பின்னங்கால்கள் குதிகால் வரைக்கும் தரையில் படிய, தட்டுத் தடுமாறி ஊர்ந்து வந்தான் துரை. பூனை விரலில்தானே நடக்கும். நான் படித்த பக்கத்தின் கடைசியில் அதுவும் இருந்தது: சர்க்கரை முற்றினால் நரம்பு கெட்டு இப்படி நடக்கும், விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கடைசிப் பத்தியை ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கவில்லை, இப்போதுதான் போனை எடுத்து வாசித்தேன்.

"கிளம்புங்கண்ணா. கோலாருக்கு."

துரையைப் பழைய மார்க்கெட் கூடையில் வைத்து மூடி போட்டுக் கட்டினோம். டைமாபீஸ் இன்னொரு பையில் ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டார். அது எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பஸ்ஸில் கூடை கத்தியது. கண்டக்டர் குனிந்து பார்த்து, "ஏனு இது?" என்று கன்னடத்தில் அதட்டினார்.

"குழந்த சார். நாலு வயசு. டிக்கெட் கெடையாது."

"பூனைக்கு வயசெல்லாம் கிடையாது யஜமானரே. லக்கேஜ்."

"லக்கேஜா? இவன் பர்மா" என்று ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்தாத குறையாக லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன்.

கோலாரில் ஒரு சந்துக்குள் சின்ன கிளினிக். டாக்டர் இளம் பெண், கன்னடக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் நன்றாகவே பேசினார். துரையின் காதில் ஒரு குத்துக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தார். பார்த்ததும் புருவம் ஏறியது.

"சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு தாத்தா. என்ன வயசு?"

தாத்தா என்றதற்குச் சண்டை வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை.

"நாலு" என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் யோசித்தார். "நாலு வயசுல இது அபூர்வம். பஸ்ல பயந்து வந்தாலே பூனைக்கு சர்க்கரை ஏறும், அது வேற. நாலுதான்னா இதுக்குப் பின்னால வேற வியாதி இருக்கான்னு நான் தேடணும். பெங்களூருக்கு அனுப்பணும், ஸ்கேன் எடுக்கணும், நாள் ஆகும். இவன் உடம்பு அவ்வளவு நாள் தாங்குமான்னு தெரியலை. வயசான பூனைன்னா எனக்கு சந்தேகமே இல்லை, இன்னைக்கே இன்சுலின் ஆரம்பிச்சிடுவேன். சரி, எந்த ஜாதி?"

டைமாபீஸ் அசைந்தார். முதல் பேரம் ஆரம்பமாயிற்று.

"பர்மாவுக்கு ஜாஸ்தி வரும்னு தம்பி படிச்சான். அது இல்லைங்கம்மா. இவன் பர்மா இல்ல. மட்டன் கடைக்குப் பின்னால ரோஸி எடுத்தாந்தது. அத அடிச்சிடுங்க. ஒண்ணு கொறஞ்சிச்சில்ல?"

பன்னிரண்டு வருஷத்துப் பங்களா, ரங்கூன், கப்பல் எல்லாம் ஒரே மூச்சில் மூழ்கிப்போயின. வியாதிக்கான காரணங்களைச் சார்ஜ் ஷீட்டில் உள்ள குற்றங்கள் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொன்றாய் அடித்துவிட்டால் கேஸ் தள்ளுபடி ஆகிவிடும் என்று.

"ஜாதியை அடிச்சா சர்க்கரை இறங்காது தாத்தா" என்று டாக்டர் சிரித்தார். பிறகு துரையின் வாயைத் திறந்து பார்த்தார். பல் பாதி இல்லை, இருந்ததும் தேய்ந்திருந்தது. காதை மடக்கிப் பார்த்தார். "இது கருத்தடை ஆபரேஷன் பண்ணின பூனைக்கு அடையாளமா வெட்டறது. எப்போ பண்ணீங்க?"

அந்த ஆபரேஷன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம். பெங்களூரிலிருந்து யாரோ வந்து முகாம் போட்டார்கள். ரோஸி அக்காவும் இவரும் சேர்ந்து பழைய துரையைக் கொண்டுபோனார்கள். கருத்தடை செய்த பழைய துரை. அவனுக்குப் பிறந்த மகன். அப்பா மாதிரியே வெட்டிய காதோடு.

நான் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். விலங்கியல் அப்போதுதான் எனக்குள் விழித்துக்கொண்டது.

"அண்ணா, பழைய துரைக்குப் பிள்ளையே பிறந்திருக்க முடியாதே."

அவர் துரையின் முதுகில் கையை வைத்தார். எலும்பு ஒவ்வொன்றாய் விரலில் தட்டுப்பட்டிருக்கும்.

"எட்டு வயசாச்சு அப்ப" என்றார் கடைசியில். "பூன பத்து பன்னெண்டு வருஷம்தான் இருக்கும்னு யாரோ சொன்னான். ஒரு வாரம் உள் ரூம்ல வெச்சி பூட்டிட்டேன். அவன ரிட்டையர் பண்ணிட்டு, அவன் பையன்னு அவனையே திரும்ப சேத்துக்கினேன். பொறந்த தேதி புதுசா போட்டேன். எத்தினியோ பேருக்குக் குடுத்தேன். இவனுக்கும் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை.

"அப்போ பன்னிரண்டு" என்றார் டாக்டர் மென்மையாக. "பன்னிரண்டுன்னு எழுதிக்கிறேன்."

"இருங்கம்மா. அப்டியெல்லாம் எழுதக்கூடாது."

பையைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து, ஆபரேஷன் மேஜையிலேயே துரைக்குப் பக்கத்தில் விரித்தார். துரையின் பக்கத்தைக் கண்டுபிடித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா. டைம் ஆபீஸ் விதிப்படி வயதை அழிக்கக்கூடாது, மேலே எழுதக்கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கோடு போட்டார். நாலு அடிபட்டது. பன்னிரண்டு வந்தது.

"சர்வீஸ்ல எத்தினியோ வயசு மாத்தி எழுதியிருக்கேன்" என்றார். "ஏத்தி எழுதனது இது ஒண்ணுதான். இங்க கையெழுத்து போடுங்கம்மா. நீங்கதான் ஆபீசர்."

டாக்டர் சிரிக்காமல், தேதியோடு, கிளினிக் முத்திரையும் குத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவுக்கு எந்த ஊரில் கோயில் கட்டினாலும் நான் செங்கல் சுமக்கத் தயார். பிறகு அடுத்த ஐந்து நிமிஷத்தில் முதல் ஊசியைப் போட்டார்.

"இனி பன், பிஸ்கெட், டீ எல்லாம் கிடையாது. வேகவைச்ச கோழி, முட்டை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, அதுவும் அவன் சாப்பிட்டதுக்கு அப்புறம். சாப்பிடலைன்னா ஊசி போடாம எனக்கு போன் பண்ணுங்க. சரியா கவனிச்சா இன்னும் சில வருஷம் நல்லாவே இருப்பான். சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமலும் போகும். சொல்ல முடியாது."

"காலைல ஏழர, சாயங்காலம் ஏழர" என்று உடனே எழுதிக்கொண்டார் டைமாபீஸ். இரண்டு ஷிப்டு. அவர் முகம் தெளிந்தது.

வீட்டுக்கு வந்து முதல் நாளே சிக்கல். சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் மயிரிழை அளவு. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கையும் நிற்கவில்லை. ரோஸி அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குடு இப்டி. எங்க வீட்டுக்காரருக்கு ஒம்பது வருஷம் போட்டவ நானு. காலைல நான் போடறேன்."

"உன் ரோஜாவ கொன்னவன் ரோஸி இவன்."

"ரோஜா கெடக்குது. முந்தானைல மூத்திரம் போனப்பவே உட்டுட்டேனா இவன?"

சாயங்கால ஷிப்டு எனக்கு. நான் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன். அன்றிலிருந்து மாரிகுப்பத்தில் வண்டி நின்றும் நிற்காமலும் முதலில் குதிப்பவன் நான்தான். "என்னடா, பூனைக்கு ஊசி போட இப்படி ஓடற" என்று கூட வரும் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு மாதத்தில் துரை மறுபடி விரலில் நடந்தான். இரண்டாம் மாதம் ரோஸி அக்கா வீட்டுச் சுவரில் ஏறினான். அன்றைக்கு டைமாபீஸ் லைன் முழுக்கப் போய் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். போன வீடுகளில் எல்லாம் தானே நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். ஊசி அளவு பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னும் நிற்கவில்லை. நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

வண்டி லேட்டாகும் நாட்களில் பங்காருப்பேட்டை ஜங்ஷனைத் தாண்டியதும் நான் எழுந்து கதவருகே வந்துவிடுகிறேன். டாக்டரைக் கேட்டுவிட்டேன், அரை மணி முன்னே பின்னே ஆனால் துரைக்கு ஒன்றும் ஆகாதாம். ஆனால் ஏழு மணியிலிருந்தே வாசலில் நின்று, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாரே ஒருவர், அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவ்வளவு நேரம் நிற்க வைக்க எனக்கு மனசு வருவதில்லை.